டிரெய்லரில் நாலடிப் படுக்கை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் வீட்டு டீச்சருக்கு இருமல் நின்றதா? பள்ளிக்கூடத்தையும் உன்னையும் ஒரே தொண்டையை வைத்துக்கொண்டு மேய்க்கிறாள், பாவம்.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். போனில் என்றால் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே பாய்வாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

நான் ஒரு டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். லாரி அளவு இல்லை, பயப்படாதே. ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுப்பார்களே, இரண்டு சக்கர வண்டி, அது. வாடகை ஜெனரேட்டர் கடைக்காரர் பதினைந்து வருஷம் ஜெனரேட்டர் ஏற்றி இழுத்தது. பழைய இரும்புக்குப் போட இருந்தவரை வழிமறித்து வாங்கிவிட்டேன். நீளம் எட்டடி, அகலம் நாலரை அடி. தரைப்பலகை மக்கிப்போய்க் கால் வைத்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது. ஆனால் அச்சு நேராக இருக்கிறது.

அதை ஒரு சின்ன வீடாக மாற்றப்போகிறேன். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வண்டிகளுக்கு சீட் உறை தைக்கிறேன். நான் தைத்த சீட்டெல்லாம் எங்கெங்கோ போய்விட்டு வருகின்றன. தைத்தவள் மட்டும் கடை வாசலைத் தாண்டவில்லை. என் ஜீப்பும் கடைத்தெருவைத் தவிர வேறு தெருவைப் பார்த்ததில்லை.

நீ ஆபீசில் பாலத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வரைபடம் போடுகிறவன். எனக்கும் ஒன்று போட்டுக் கொடு. இடப்பக்கம் இரண்டரை அடி அகலத்தில் படுக்கை. வலப்பக்கம் தையல் மிஷின். பின்கதவைக் கீழே மடக்கினால் அது சமையல் மேடை. மேலே கேன்வாஸ் கூரை, அது என் வேலை.

மாடி அறையைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். சுவருக்கு வெள்ளைதான் நன்றாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. நீ நலமாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். மீதிக் கடிதத்தைப் படித்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

ஐம்பத்துநாலு வயதில் ஜெனரேட்டர் வண்டியில் குடியேறப்போவதாகச் சொல்கிற ஒரே அக்கா எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள். டீச்சரிடம் காட்டினேன். "நல்ல யோசனைதானே, அவங்களுக்கு என்ன குறைச்சல்?" என்றாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு கிடையாது.

இருந்தாலும் படம் போடாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. மூன்று தாள் இணைத்திருக்கிறேன். இரும்புச் சட்டத்தை முதலில் சுரண்டிப் பார். துருவுக்கு அடியில் இரும்பு இருக்கிறதா, துரு மட்டும்தானா என்று தெரியாமல் மேலே ஒரு பலகையும் போடாதே.

மாடி அறைக்கு வெள்ளையே அடித்தாயிற்று. ஜன்னல் கிழக்குப் பார்த்தது. தையல் மிஷினை அங்கேயே போடலாம். அத்தான் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, நீ அந்தக் கடைக்குப் பின்னால் தனியாகக் கிடக்கிறாய். எப்போது வருகிறாய்?

சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான். சுரண்டிச் சுரண்டித் தோள்பட்டை மட்டும் கழன்றுவிட்டது. டீச்சருக்குப் பரீட்சை நேரமாயிற்றே, அவளுக்குத் தூக்கம் கிடைக்கிறதா?

நீ சொன்னதுபோல் துருவைச் சுரண்டினேன். நாலு நாள் ஆயிற்று. முன்பக்கம் கெட்டியாக இருக்கிறது. பின்பக்கக் குறுக்குச் சட்டம் மட்டும் கையோடு வந்துவிட்டது. தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவரைக் கூட்டிவந்து காட்டினேன். பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார், சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார், "ம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் புதுச் சட்டத்தோடு வந்து நிற்கிறார்.

எதைக் கேட்டாலும் பட்டறைக்காரருக்கு "ம்" தான் பதில். அந்த ஒரே எழுத்தில் ஏழெட்டு அர்த்தம் வைத்திருக்கிறார். மூன்று இப்போது எனக்குப் பிடிபட்டிருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளாதவராம். பேசி முடிப்பதற்குள் பெண் வீட்டார் எழுந்து போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உன் படத்தைப் பார்த்துப் பட்டறைக்காரர் ஒரு முழு வாக்கியம் பேசினார்: "கோடு சுத்தமா இருக்கு." உனக்குச் சொல்லச் சொன்னார்.

படுக்கையை மூன்றடியாக மாற்று. இரண்டரை அடியில் புரண்டு படுக்க முடியாது.

அறையில் கிழக்கு வெயில் வருவது நல்லதுதான். துணி காயும்.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். தோளுக்கு ஒத்தடம் கொடு, சுரண்டுகிற வேலையை வேறு யாரிடமாவது விடு.

மூன்றடியாக மாற்றியிருக்கிறேன். அதனால் மிஷின் ஓரமாக நகர்ந்துவிட்டது. உட்கார்ந்து மிதிக்க முழங்காலுக்கு இடம் போதாது. யோசித்துச் சொல். பட்டறைக்காரருக்கு என் வணக்கம். என் ஆபீசில் இருபது வருஷமாக யாரும் என் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அறைக்கு நீ துணி காயப்போட வரவேண்டாம், குடியிருக்க வா. கதவு மாட்டியாயிற்று. தேதியை எழுது.

அன்புடன்,
தம்பி

*

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாயா? பதில் தாமதமாகிவிட்டது. ஒரு மாதமாகக் கேன்வாஸுக்கு அடியில்தான் வாழ்க்கை.

கூரையைத் தைத்து முடித்தேன். எல்லா ஓரத்திலும் இரட்டைத் தையல், ஊசித் துளைகளில் மெழுகு. கூரையைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தை அவர் வெல்டிங் செய்தார். குடை மாதிரி ஒரே இழுப்பில் விரிகிறது. நேற்று ஒழுகுகிறதா என்று பார்த்தோம். அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார், நான் வெளியே நின்று ஹோஸ் குழாயால் தண்ணீர் அடித்தேன். கால் மணி நேரம் அடித்தேன். "ஒழுகுதா?" என்று கேட்டால் சத்தமே இல்லை. ஜிப்பைத் திறந்தால் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எந்தத் தையல்காரிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்கிறது, சொல்.

அடுப்பை வலப்பக்கம் வை. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். தையல் மிஷின் வேண்டாம், அது ஜீப்பில் வரட்டும். படுக்கை நாலடி இருக்கட்டும். அடியில் சாமான் வைக்க இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று அவர் சொல்கிறார். மடக்கு நாற்காலி இரண்டு வைக்க இடம் விடு. ஒன்று உடைந்தால் இன்னொன்று வேண்டுமே.

வேலை நிறைய இருக்கிறது. நிறுத்துகிறேன்.

அக்கா

*

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் உடம்பு நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். இரண்டரை அடி மூன்றடியாயிற்று, மூன்றடி நாலடியாயிற்று. இரண்டே மாதத்தில் இப்படிப் பெருத்துவிட்டாயா? டாக்டரிடம் காட்டினாயா? டீச்சரிடம் இதைச் சொன்னேன். விடைத்தாளைத் திருத்திக்கொண்டே சிரித்தாள். ஏன் என்று கேட்டால், "நீங்க கோடு போடுங்க" என்கிறாள்.

போட்டிருக்கிறேன். சமையல் மேடை பின்னால் இருப்பதால் அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் பின்னாலேயே வைத்துவிட்டேன். குழாய் நீளம் மிச்சம். இந்த யோசனை எனக்கே பிடித்திருந்தது.

இந்தக் கடிதத்திலும் அறையைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. மின்விசிறி மாட்டிவிட்டேன். சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
தம்பி

*

ஜூலை 22

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நான் வெல்டிங் பட்டறை. உங்கள் அக்கா நலம். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம் என்றார் டாக்டர், அதில் மூன்று முடிந்தது. எழுத முடியவில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார்கள். சொல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொட்டி நிரப்பி வண்டியை முதல் தடவை ரோட்டில் விட்டோம். சரிவில் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. பின்பாரம் அதிகம். ஜீப்பையும் சேர்த்து ஆட்டியது. பள்ளத்தில் இறங்கி நின்றோம். ஜீப்புக்கு ஒன்றும் இல்லை. நானும் உள்ளேதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் இல்லை.

தொட்டி அச்சுக்கு முன்னால் போகணும். படம் மாற்றித் தரவும். தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. மாட்டியது நான். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறை

*

ஜூலை 27

அக்கா,

கை எப்படி இருக்கிறது? வலி இருக்கிறதா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

அந்தத் தொட்டியைப் பின்னால் வைத்தது நான். அலுவலகத்தில் இப்படிச் செய்திருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பார்கள். மூன்று நாளாகப் போட்ட கோட்டையெல்லாம் அழித்துக்கொண்டிருக்கிறேன். இனி ஒரு படமும் தரமாட்டேன். அந்த வண்டியை இரும்புக்கே போட்டுவிடு. கடையைப் பூட்டிக்கொண்டு இங்கே வா. வரமாட்டேன் என்றால் நானே வந்து கூட்டிவருவேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். என் இருமல் போய்விட்டது. உங்கள் கைவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பதில் எழுத வேண்டாம், கையை ஆட்டாமல் வையுங்கள்.

உங்கள் தம்பி போட்ட சத்தத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கோபமில்லை, பயம். தினமும் ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

வேறு ஒரு விஷயம். உங்கள் கடிதங்களைச் சிவப்புப் பென்சிலோடு படித்தேன், தொழில் புத்தி. ஏப்ரலில் அவர் 'பட்டறைக்காரர்'. மே மாதத்தில் பட்டறையே காணோம், வெறும் 'அவர்'. ஐந்து இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். அண்ணி, 'அவர்' என்று நான் எழுதினால் அது உங்கள் தம்பி. நீங்கள் எழுதினால் யார்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் நாலடிப் படுக்கையை ஒரு வரியில் மறைக்கப் பார்த்தீர்கள். கோடு போட்ட மனுஷனுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை. அதை நான் சொல்லக் கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

உங்கள்,
டீச்சர்

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை என்னுடையதுதானா என்று சந்தேகமாக மெலிந்திருக்கிறது, எழுத்தும் கோணலாக வருகிறது. மற்றபடி நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று டீச்சர் எழுதியிருந்தாள். சாப்பிடு.

அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். சரிவில் டிரெய்லர் ஆட ஆரம்பித்ததும் எனக்கு பிரேக்கைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவர் கத்தவில்லை. "பிரேக் வேணாம். காலை எடுத்துடுங்க. ஸ்டியரிங்க நேரா பிடிங்க" என்று, ஏதோ ஊசியில் நூல் கோக்கச் சொல்கிற மாதிரி சொன்னார். அப்படியே செய்தேன். வேகம் குறைந்து பள்ளத்தில் இறங்கி நின்றது. கடைசிக் குலுக்கலில்தான் மணிக்கட்டு மடங்கியது. பிரேக்கை மிதித்திருந்தால் இந்தக் கடிதம் இருக்காது.

இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தோம். அவர் தன் சட்டையைக் கிழித்துக் கையில் கட்டினார். பிறகு எழுந்து போய் டிரெய்லரின் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல நீங்க தனியா போறதா இருந்தா, நானே கொக்கியை வெட்டி எடுத்துடுவேன்."

நான் சொன்னேன்: "தனியா போறேன்னு யார் சொன்னது?"

அவர் "ம்" என்றார். அது நான் அதுவரை கேட்காத "ம்".

இதுதான் தம்பி விஷயம். மே மாதமே எழுதியிருக்க வேண்டும். உன் அறையின் சுவர், கதவு, மின்விசிறி என்று ஒவ்வொன்றாக வரவர, எனக்கு எழுதத் தைரியம் போய்விட்டது. நீ ஆசையாகக் கட்டினாய். நான் அங்கே வந்தால் நிம்மதியாக இருப்பேன், தெரியும். எனக்கு இப்போது நிம்மதி போதவில்லை. வெயிலில் நின்று அளவு தப்பாகச் சொல்லித் திட்டு வாங்க வேண்டும் போல இருக்கிறது.

நீ என்ன சொல்வாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டே செய்வதாக முடிவெடுத்துவிட்டேன்.

பதில் போடு.

அக்கா

*

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். கை முழுக்கத் தேறிவிட்டதா? ஏழு வாரம் பதில் போடாததற்கு மன்னித்துவிடு.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை உன் தெருவுக்கு வந்தேன். உன்னைக் கையோடு கூட்டிவருவது என்ற முடிவோடுதான் பஸ் ஏறினேன். பட்டறைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். நீ டிரெய்லர் மேல் ஏறி நின்று கேன்வாஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். கீழே ஒரு மனிதர் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் நடந்தார். நீ மேலிருந்து, "அதைக் குழந்தை மாதிரி தூக்கிட்டு அலையாதீங்க, முன்னாடி வைங்க" என்றாய். அவர் சிரித்தார், நீயும் சிரித்தாய். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

டீ ஆறிப்போயிற்று. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். "அவ்வளவு தூரம் போயிட்டு உள்ள போகாம வந்தீங்களா?" என்று டீச்சர் திட்டியது இன்னும் ஓயவில்லை. உள்ளே வந்திருந்தால் அழுதிருப்பேன் அக்கா. பட்டறை வாசலில் நின்று அழுதால் நன்றாகவா இருக்கும்?

அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து வாரமும் 'வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது' என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில்தான் வந்தேன். அந்த ஐந்து வாரமும் உன்னோடு யாருமே இல்லை. நீ ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. அந்த மாடி அறை உனக்காகக் கட்டியது என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று டீக்கடையில் நிற்கும்போது தெரிந்தது.

இப்போது அங்கே டீச்சர் சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பதினோரு பிள்ளைகள். கூரை பறக்கிற சத்தம். கீழே உட்கார்ந்து படம் போடவே முடிவதில்லை, ஆனால் வீடு கலகலவென்று இருக்கிறது.

புதுப் படம் இணைத்திருக்கிறேன். தொட்டி அச்சுக்கு முன்னால். ஒவ்வொரு சாமானின் எடையையும் எழுதிக் கூட்டிப் பார்த்திருக்கிறேன், இரண்டு நண்பர்களிடம் சரிபார்க்கவும் கொடுத்தேன். பதிவு அலுவலகத்தில் கல்யாணச் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டுமல்லவா? தேதியைச் சொல். இந்த முறை சீக்கிரமே வந்துவிடுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். எழுதிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

அன்புடன்,
தம்பி

*

டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கும் டீச்சருக்கும்,

நாங்கள் இருவரும் சுகம். பதிவு அலுவலகத்து வெயிலில் மூன்று மணி நேரம் நின்றதில் உன் முதுகு என்னவாயிற்று? டீச்சர் எடுத்த செல்ஃபியில் நாலு பேருமே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறோமாம். இருக்கட்டும், ஒற்றுமை.

கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. டிரெய்லர் கன்றுக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் பின்னால் வருகிறது. சரிவுகளில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், அது அசைவதே இல்லை. நிறுத்துகிற இடமெல்லாம் யாராவது வந்து சுற்றிப் பார்க்கிறார்கள். ஒரு லாரி ஓட்டுநர் பின்கதவை மடக்கி, அடுப்பைப் பார்த்து, "யார் போட்ட பிளான் இது?" என்று கேட்டார். "என் தம்பி" என்றேன். அந்த ஒரு தொட்டி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் ஒரு சக்கரத்தில் பேரிங் சூடாகிப் புகைய ஆரம்பித்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினோம். பேரிங் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பங்கை நடத்துகிற அம்மா, பின்னால் இருக்கிற பெரிய மரத்தைக் காட்டி, "அங்க போட்டுக்குங்க, நிழலாவது கிடைக்கும்" என்றார். அந்த மரத்தடிதான் இப்போது எங்கள் விலாசம். நான் அந்த அம்மாவின் நாற்காலிக்கு ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். உன் அத்தான் பங்கின் இரும்புக் கதவைச் சரிசெய்து கொடுத்தார். அது நாலு வருஷமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்ததாம். காலையில் கிளிகள் வருகின்றன. எதிரே வயல், அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

பேரிங் நேற்று மதியமே வந்து, மாட்டியும் ஆயிற்று. இன்று காலையிலேயே கிளம்பியிருக்கலாம். அவர் டயர்களைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் இன்னொரு தடவை டீக்குத் தண்ணீர் வைத்தேன். கிளம்புகிற பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

அன்புடன்,
அக்கா